ஆடு குறுக்கே வந்ததாகச் சொன்னது

அப்போது என்னிடம் ஒரு அம்பாசிடர் இருந்தது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் நான், என் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். வண்டி ஓடினால்தான் சாப்பாடு.

மாசி மாதம். காலையில் வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டாரை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினேன். ஊர் தாண்டியதும் ரோட்டில் உளுந்தஞ்செடி பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். களம் இல்லாதவர்கள் காய்ந்த செடியைத் தார் ரோட்டில் போடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகும். நெற்று உடைந்து உளுந்து உதிரும். செடியை உதறிவிட்டு உளுந்தைக் கூட்டி அள்ளுவார்கள். டிரைவர்கள் நாங்களும் ஒதுங்க மாட்டோம். வேண்டுமென்றே மேலே ஏற்றுவோம். நம்மால் ஆன ஒத்தாசை.

அன்றும் ஏற்றினேன். எதிரே பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன். நிற்கவில்லை. உதிர்ந்த உளுந்து சக்கரத்துக்கு அடியில் உருண்டது. ஸ்டியரிங் என் கையில் இருந்தது, வண்டி என் கையில் இல்லை. புளியமரம் தெரிந்தது. பிறகு சத்தம்.

என்னை வெளியே இழுத்தவர் அந்தச் செடிக்காரர்தான். நாற்பது வயது இருக்கும். துண்டை நனைத்து என் நெற்றியில் வைத்து அமுக்கினார். வாயில் தண்ணீர் ஊற்றினார். அவர் வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் நாலைந்து பேர் ஓடிவந்து செடியைக் கட்டுக்கட்டாக அள்ளினார்கள். ஒருத்தி விளக்குமாற்றால் உளுந்தைக் கூட்டினாள். கொஞ்ச நேரத்தில் ரோடு வெறும் ரோடாகிவிட்டது. நான் வழுக்கிய இடமே இல்லை.

காது திரும்பக் கேட்டபோது கூட்டத்தில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார்.

"செடின்னு சொன்னா இவன உள்ள வச்சிருவானுவ. ஒங்களுக்கும் இன்சூரன்ஸ் வராது அண்ணாச்சி. ஆடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிருங்க."

செடிக்காரர் என் நெற்றியை அமுக்கியபடியே இருந்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார். ஆடு என்றேன். அவ்வளவு லேசாக வந்தது. எழுதினார், கையெழுத்துப் போட்டேன். இன்சூரன்ஸ் பாரத்திலும் ஒருவரை வைத்து அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

லாரியில் கயிறு கட்டி வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடத் தொடக்கூடாது என்றார் பட்டறை மேஸ்திரி. பதினோரு நாள் தினமும் போய் வண்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வேறு போக்கிடம் தெரியவில்லை. சோறு தின்றால் ருசி தெரியவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் உடம்பு தூக்கிப் போட்டது.

பன்னிரண்டாம் நாள் திருநெல்வேலியிலிருந்து சர்வேயர் வந்தார். சுற்றி வந்து எழுதினார். பிறகு ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு பிடி உளுந்தஞ்செடி. ஆக்ஸிலில் சுற்றிக் கிடந்திருக்கிறது. ரோட்டைக் கூட்டியவர்கள் வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

"ஆடு என்ன நெறம்யா?" என்றார்.

அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கருப்பு என்றேன்.

"கிடாயா, பொட்டையா?"

"சார், அவரு மரத்தப் பாப்பாரா, ஆட்டுக்கு அடியில பாப்பாரா?" என்றார் மேஸ்திரி. பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். சர்வேயரும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"செடியில வழுக்கி மோதுனாலும் கம்பெனி குடுக்கும்வே. பொய் சொன்னாத்தான் குடுக்காது. ஒமக்கு எதுக்கு ஆடு?"

உண்மையைச் சொல்லியிருந்தால் போதுமாம். அந்தப் பொய்க்கு வேலையே இல்லையாம்.

அவர் நல்ல மனிதர். திங்கட்கிழமைக்குள் நடந்ததை ஸ்டேஷனில் சொல்லித் திருத்தி எழுதி வாங்கி வரச் சொன்னார். வந்தால் அதை வைத்து எழுதுகிறேன், வராவிட்டால் கண்ணால் கண்டதை எழுதத்தான் வேண்டும் என்றார்.

"செடி யாருதுன்னு கேப்பாகளா சார்?"

"கேக்காம இருப்பானா? ரோட்ட மறிச்சதுக்கு அவம்மேல கேஸ் வரும்."

மறுநாள் பஸ் ஏறிப்போனேன். செடிக்காரரிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு சாக்கு விரித்து, அவரும் அவர் சம்சாரமும் மிச்சச் செடியைக் கம்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் கொப்புளம். என்னைக் கண்டதும் அவர் கம்பைக் கீழே போட்டார்.

"காயம் ஆறிட்டா அண்ணாச்சி?"

ஆறிவிட்டது என்றேன். ரோட்டில் போடவில்லையா என்று கேட்டேன்.

"போடுதவுக போடட்டும். எனக்கு இனி மனசு வராது. ஒங்க சத்தம் காதுலயே கெடக்கு."

நான் கத்தினேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மோர் கொடுத்தார்கள். குடித்தேன். வந்த காரியத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கார் எப்போது சரியாகும் என்று அந்த அம்மா கேட்டாள். சர்வேயர் பார்த்துவிட்டார், ஆகிவிடும் என்றேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. திங்கட்கிழமை வந்தது, போனது.

இரண்டு மாதம் கழித்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. பேங்கில் வேலை பார்க்கும் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நான் சொன்ன காரணமும் வண்டியில் கண்டதும் ஒத்துவரவில்லையாம். ஒன்றும் கிடையாதாம். வரும் என்று எதிர்பார்த்ததுதான். ஆனாலும் காகிதத்தைத் திரும்ப வாங்கும்போது இரண்டு தடவை கீழே விட்டேன். அவர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் அவளும் ஆடு என்றுதான் நம்பியிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நீ ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லிருப்ப."

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"ஆமா" என்றாள். "சொல்லிருப்பேன். நமக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கு."

ரிப்பேருக்குக் கையில் காசில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய் வண்டியை மேஸ்திரிக்கே கொடுத்துவிட்டேன். கிடைத்த விலைக்கு உதிரி பாகமாக விற்பதாகச் சொன்னார். இஞ்சினைக் கழற்ற ஆள் பற்றவில்லை. ஒரு பக்கம் நானும் பிடித்தேன்.