பி.டி. சார் கையில் காப்பு

ஆவுடைநாயகம் சாரை எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் பிடிக்காது என்று சொல்ல முடியாது. அவருடைய விசிலைத்தான் யாருக்கும் பிடிக்காது. பிள்ளைகள் குழாயடியில் நின்று கதை பேசினால் விசில். மணி அடித்த பிறகும் நான் டிபன் டப்பாவை மூடாமல் இருந்தால் எனக்கும் விசில். நான் ஒன்பதாம் வகுப்புக்கு ஆசிரியை, கணக்கு டீச்சர் உமா மகேஸ்வரி என்றெல்லாம் அந்த விசிலுக்குத் தெரியாது.

இருபத்திரண்டு வருஷமாக அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளிக்கூடம் தென்காசியிலிருந்து ஐந்தருவி போகிற பாதையில் சற்று உள்ளடங்கி இருக்கிறது. விடியற்காலையில் கூட்டம் வருவதற்குள் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக எட்டேகாலுக்கெல்லாம் கேட்டில் நிற்பார். பிரதோஷம் தவறாமல் காசி விஸ்வநாதர் கோயிலில் பதிகம் பாடுவார். குரல் சுமார்தான். சாமிக்குப் பழகியிருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகளின் சாமி விஷயத்தில் அவர் தாராளமான மனுஷன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற பையன்களுக்காக விளையாட்டுத் தேர்வையே மறுநாளைக்குத் தள்ளிவைப்பார். சாம்பல் புதனன்று நெற்றியில் சிலுவையோடு வருகிற பிள்ளையிடம் யாராவது இளித்தால் அவனுக்கு மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டு. கார்த்திகையில் மாலை போட்ட பையன்களை 'லே' போட்டுக் கூப்பிட மாட்டார். "சாமி, ஒழுங்கா வரிசையில நில்லுங்க சாமி" என்பார். மற்ற பையன்கள் சிரித்தாலும் அவர் சிரிக்க மாட்டார்.

ஆனால் கையில் கட்டுகிற கயிறு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. எங்கள் பக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தே ஒரு பையன் எந்தத் தெரு, எந்த ஆள் என்று சொல்லிவிடலாம். சாதிக்கு ஒரு கலர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் அந்தக் கலருக்காக ஒரு சண்டை வந்து, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு மண்டையில் ஆறு தையல். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் ஆவுடைநாயகம் சார். சட்டையெல்லாம் ரத்தம். கலர் கயிறு கட்டி வரக் கூடாது என்று உத்தரவு வந்தபோது எங்களுக்கெல்லாம் இது ஒரு புது வேலை. அவருக்கோ கும்பிட்ட சாமி கண் திறந்த மாதிரி. அடுத்த நாளே கத்தரியோடு கேட்டில் நின்றார்.

கத்தரியைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாட்டைத்தான் பாடின. "கோயில் கயிறு சார்." பாதிக்கு மேல் பொய். அது அவருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

போன ஆடியில் ஒரு வியாழக்கிழமை. சீசன் கூட்டத்தில் சிக்கி எங்கள் பஸ் ஊர்ந்து வந்ததால், நான் இறங்கி ஓடி வரும்போதே மணி அடித்துவிட்டது. சாரல் தூறிக்கொண்டிருந்தது. கேட்டில் வரிசை. சாருக்குப் பின்னால் பக்கவாட்டுக் கதவின் அருகே நான் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாம் வகுப்பு முத்துகுமரன் கையை நீட்டினான். சிவப்புக் கயிறு. அவன் அப்பாவும் சாரும் சேர்ந்து பதிகம் பாடுகிறவர்கள்.

"கீழப்பாவூர் நரசிம்மர் கோயில்ல கட்டுனது சார்."

"தெரியும்லே. சட்டைக் கைக்குள்ள இழுத்து விட்டுக்கிட்டுப் போ."

அடுத்து என் வகுப்பு மாரிச்செல்வி. இடது மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

"என்னட்டி இது?"

"காப்பு சார். அம்மன் கோயில்ல கட்டுனது."

"இன்னைக்கு மட்டும் இதோட பன்னெண்டு கோயிலு ஆச்சு. மஞ்சக் கலரு யாருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

நறுக்கென்று வெட்டிவிட்டார். அவள் அழவில்லை. குனிந்து, ஈரத்தரையில் கிடந்த நூலை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அது காப்புதான் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் மத்தியானம் சத்துணவில் முட்டை வேண்டாம் என்றவளை நானேதான் விசாரித்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காப்பு கட்டியாயிற்று, அடுத்த செவ்வாய் கொடைத் திருவிழா, அதுவரை விரதம், முளைப்பாரி எடுக்கிறேன் என்றாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். வயிற்றில் கட்டி வந்து ஆபரேஷனுக்குப் போனபோது, அம்மா நடந்து வீடு வந்து சேர்ந்தால் மூன்று வருஷம் தொடர்ந்து முளைப்பாரி எடுப்பதாக இவள் நேர்ந்திருக்கிறாள். இது மூன்றாவது வருஷம். அடுத்த வாரம் அம்மாவுக்குத் திரும்பவும் பரிசோதனை. இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. நேரமாகிவிட்டது, கையெழுத்துப் போட வேண்டும் என்று பெரிய காரணம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினேன். என்னை நானே திட்டிக்கொள்ளத் தமிழில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. அன்று அதில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. அவள் தெருப் பிள்ளையிடம் கேட்டேன். காப்பு அறுந்துபோனதால் முளைப்பாரி வளர்க்கிற அறைக்குள் அவளை விடவில்லையாம். அவள் பாரிக்கு வேறு யாரோ தண்ணீர் தெளிக்கிறார்களாம். "சாரு ஆளு பாத்துத்தான் வெட்டுனாராம் டீச்சர். எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ" என்றும் சொன்னது அந்தப் பிள்ளை.

மத்தியானம் சாரிடம் போய்ச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"நெசமாவே காப்பா? கோத்திருக்க மஞ்சக் கெழங்குத் துண்டு இல்லையே டீச்சர். வெறும் நூலுலா இருந்துச்சு?"

"புதன்கிழமை ராத்திரி பாத்திரம் தேய்க்கையில துண்டு விழுந்துட்டாம். முத்துகுமரன் கையில இருந்ததும் வெறும் நூலுதான்னு பிள்ளைங்க சொல்லுதே சார். அது மட்டும் கோயில் கயிறுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தக் கோயில எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் சட்டென்று. சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பிறகு, "இவ கோயில எனக்குத் தெரியல" என்றார்.

தெரிந்த சாமி என்றால் பக்தி, தெரியாத சாமி என்றால் சாதி. அவரை மட்டும் சொல்லி என்ன? படித்த எங்கள் எல்லாருக்கும் கண் இப்படித்தான் பழகியிருக்கிறது. சாப்பாட்டை மூடிவிட்டு எழுந்து போனார். அன்று முழுக்க விசில் சத்தமே கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் போன் செய்தார். "எனக்கு அந்தத் தெருவுல யாரையும் தெரியாது. கூட வாரீங்களா டீச்சர்?" என்று கேட்டார். போனோம்.

கோயில் குளத்தங்கரையில் இருந்தது. பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கும்மி அடித்துப் பழகிக்கொண்டிருக்க, மாரிச்செல்வி மட்டும் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கோயிலில் எல்லாருக்கும் காப்பு கட்டுகிறவர் பார்வதியம்மாள். வேறு யாருமில்லை, எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர்தான். கொடைக்காக லீவு போட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் சாரைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிற அந்த அம்மாள், அங்கே ஒதுங்கவில்லை.

"தப்பு எம்மேலதாம்மா. பிள்ளைக்குத் திரும்பக் கட்டிவிடுங்க" என்றார் சார்.

"அறுந்தத முடி போட்டா ஒட்டுமா சார்? எங்க கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. அறுத்த கையிலயும் காப்பு ஏறணும். கொடை முடியுத மட்டும் விரதம் இருக்கணும். அந்தக் கையில இருந்து எறங்குனா பிள்ளை கையில இருந்தும் எறங்குன மாதிரிதான். ரோசிச்சுச் சொல்லுங்க. ஒங்க ஆளுவ நாலு பேரு பாப்பாவ."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இருக்கே?"

"அங்கன வச்சும் கழட்டக் கூடாது."

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வலது கையை நீட்டினார். பார்வதியம்மாள் மஞ்சள் துண்டு கோத்த நூலை அவர் கையில் கட்டி, பிறகு மாரிச்செல்வியைக் கூப்பிட்டு அவள் கையிலும் கட்டினார்.

"ஏட்டி, நான் தப்பா நெனச்சிட்டேன்" என்றார் சார். அவள் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு நேரே முளைப்பாரி அறைக்குள் போய்விட்டாள். எனக்கு அவளைக் குறைசொல்லத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாரின் அண்ணன் கையைப் பார்த்துவிட்டு, "எப்பலே அவனுவ கூடப் போய்ச் சேந்த?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது சார் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

திங்கட்கிழமை காலை கேட்டில் வழக்கம்போல் நின்றார். சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக அந்த மஞ்சள் நூலைப் பார்த்துவிட்டு ஒன்றின் காதில் ஒன்று ஊதின. தகவல் தலைமையாசிரியர் பரமேஸ்வரன் சாருக்குப் போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் நல்லவர்தான், ஆனால் உத்தரவு என்றால் நடுங்குகிறவர். பிரேயருக்கு வரிசை நிற்கும்போதே இறங்கி வந்துவிட்டார்.

"என்ன சார் இது?"

"காப்பு சார். அம்மன் கோயில்ல கட்டுனது."

"எல்லாப் பிள்ளையும் இதத்தான சொல்லுது? நீங்களே இப்படி நின்னா நாளைக்கு நான் யாரு கையில கயித்த அவுக்கச் சொல்ல முடியும்? கத்தரி ஒங்க கையில தான இருக்கு? வெட்டுங்க."

முந்நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆவுடைநாயகம் சார் இடது கையால் வலது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார். விரதம், அறுத்த கை, பிள்ளையின் நேர்ச்சை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது.

ஒன்பதாம் வகுப்பு வரிசையிலிருந்து மாரிச்செல்வி வெளியே வந்தாள். விறுவிறுவென்று நடந்து வந்து தலைமையாசிரியர் முன்னால் நின்றாள்.

"சார், அது காப்புதான் சார். எங்க அம்மன் கோயில்ல கட்டுனது. கட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். பின்னால் மறைத்து வைத்திருந்த தன் இடது கையையும் எடுத்து நீட்டினாள். "இந்தா, எங்கையிலயும் அதான் இருக்கு."

பரமேஸ்வரன் சார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொடை என்னைக்கும்மா?"

"நாளைக்கு சார்."

"புதன்கிழமை ரெண்டு பேரு கையிலயும் கயிறு இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு, "பிரேயர ஆரம்பிங்க" என்று திரும்பி நடந்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலம் வந்தது. மாரிச்செல்வியின் பாரி ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கொஞ்சம் வெளுப்பு, ஆனால் அடர்த்தி. அவள் அம்மா பக்கத்திலேயே நடந்து வந்தார். ஆவுடைநாயகம் சார் வெறுங்காலோடு கூட்டத்தின் கடைசியில் வந்தார். குளத்தில் பாரியைக் கரைத்த பிறகு பார்வதியம்மாள் ஒவ்வொருவர் கையிலிருந்தும் காப்பை அவிழ்த்தார். தன் முறை முடிந்ததும் சார் என் பக்கம் வந்து நின்றார்.

"அந்தப் பிள்ள சொன்ன அதே வார்த்தையத்தான் டீச்சர் நானும் சொன்னேன். எச்.எம். நம்பல. அதுக்கு அவர என்ன சொல்ல? நானும் நம்பலையே. ஆனா எனக்காகச் சொல்ல ஒரு ஆளு வந்துச்சு. அன்னைக்கு அவளுக்காகச் சொல்ல அங்கன யாருமே இல்லாமப் போயிட்டாவ."

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. அன்றைக்கு நான் அவருக்குப் பின்னால் குடையோடு நின்றது அவருக்கு இன்றுவரை தெரியாது.