கெட்டிமேளம் கொட்டிய இரங்கல் பக்கம்

இரங்கல் அறிவிப்பைத் திறந்ததும் கெட்டிமேளம் கொட்டியது. தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில், அடையாறிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என் கணினிக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் காலமான அவர் மனைவியின் படம். படத்துக்கு மேலே மாவிலைத் தோரணம், "மங்களம் பொங்கட்டும்!" என்று கண்சிமிட்டும் எழுத்து. நான் ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினேன். "அமெரிக்காவுல என் பொண்ணு ஆபீஸ்ல உட்கார்ந்து இதைத் திறந்திருக்கா. அவளால வர முடியல. அம்மா படத்தையாவது பாக்கலாம்னு..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பார்ப்பதற்காகக் கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், இரங்கல் என்று குடும்பச் செய்திகளை இணையத்தில் போட்டுக்கொடுப்பது எங்கள் தொழில். புரோகிராம் எழுதியது நான். எனக்கு மேலே மேனேஜர். மயிலாப்பூர்க்காரர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் இடத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். உழைப்பாளி, வஞ்சகம் இல்லாதவர், வருகிறவர்களிடம் தேனாகப் பேசுவார். ஆனால் அவருக்கு ஒன்றைப் புரியவைப்பதற்குள் எனக்குப் பிராணன் போய்விடும்.

தொடக்கத்தில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எங்கள் பெயர், தொலைபேசி எண், மற்ற பக்கங்களுக்குப் போகும் வழி எல்லாவற்றையும் தனித்தனியாக ஒட்டிவைத்திருந்தோம். எண் மாறியபோது எல்லாப் பக்கத்தையும் திறந்து திருத்த வேண்டிவந்தது. அதனால் அந்தத் தலைப்பகுதியை ஒரே கோப்பாக எழுதி, எல்லாப் பக்கமும் அதை இழுத்துக்கொள்ளும்படி செய்தேன். ஹெடர் என்போம். ஓர் இடத்தில் மாற்றினால் எங்கும் மாறும். மேனேஜருக்கு அது பிடித்துப்போனது, போகப்போகப் பித்தாகிவிட்டது. தோரணம் கேட்டார், குத்துவிளக்கு கேட்டார், மின்னும் எழுத்து கேட்டார், கடைசியில் மேளச் சத்தம் கேட்டார். எல்லாம் ஹெடரில்.

"சார், ஹெடருக்குத் தான் எந்தப் பக்கத்துல இருக்கோம்னே தெரியாது. கல்யாணமோ சாவோ, கூப்பிட்டா வந்து நிக்கும். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒரு வரியில 'நான் இன்ன பக்கம்'னு சொல்லிட்டா, ஹெடர் அதைப் பாத்து நடந்துக்கும்" என்றேன்.

"பொதுன்னா எல்லாத்துக்கும் பொதுதானேம்மா? அதுக்கு எதுக்கு ஒவ்வொரு பக்கத்தோட ஜாதகமும்?" என்றார். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். "நீ ரொம்ப யோசிக்கறே. எங்காத்துல வாசல் ஒண்ணுதான். நல்லதுக்கும் அதே வாசல், கெட்டதுக்கும் அதே வாசல்."

"கெட்டது நடந்த அன்னிக்கு அந்த வாசல்ல கோலம் போடுவீங்களா சார்?" என்று கேட்டேவிட்டேன். "அபசகுனமாப் பேசாதே" என்று எழுந்து போய்விட்டார்.

பெரியவர் வந்த அன்று, மேனேஜர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, கல்யாண வீட்டாரை வரவேற்கும் அதே குரலில், "வாங்கோ வாங்கோ, ரொம்ப சந்தோஷம்!" என்றார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் வாடிப்போனது உண்மை. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கே எடுத்துடறேன்" என்றார். சொன்னபடி எடுக்கவும் வைத்தார், எல்லாப் பக்கத்திலிருந்தும். அந்த வாரமே ஒரு பெண்ணைப் பெற்றவர், "எங்க மேளம் எங்க?" என்று சண்டைக்கு வந்தார். மேளம் திரும்பிவந்தது. இரங்கலுக்கு மட்டும் ஹெடரைப் பிரதி எடுத்துத் தனியாக வைக்கச் சொன்னார். பிறகு வளைகாப்புக்கு ஒரு பிரதி, கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பிரதி. எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க ஹெடரைச் செய்தேனோ, அதே தொல்லை நாலாகப் பெருகி வந்து உட்கார்ந்தது. மறுபடி எண் மாறியபோது இரங்கல் பிரதியை மாற்ற எல்லோருமே மறந்துபோனோம். துக்கத்தோடு பழைய எண்ணில் கூப்பிட்டவர்களுக்கு, அது இப்போது கைமாறிப் போயிருந்த யாரோ ஒரு தையல்கடைக்காரர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் மேனேஜர் வெளியே போயிருந்தபோது, அவரைக் கேட்காமலேயே பிரதிகளை அழித்தேன். மறுபடி ஒரே ஹெடர். ஒவ்வொரு பக்கமும் தான் யார் என்று முதலில் ஒரு வரி சொல்லும். சொல்ல மறந்த பக்கத்தில் ஹெடர் வாயைத் திறக்காது. மேளம் வேண்டுமென்றால் பக்கம்தான் கேட்டு வாங்கவேண்டும். மேனேஜர் வந்து ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தார். கல்யாணத்தில் மேளம், இரங்கலில் மௌனம். "பாத்தியா, ஒரே ஹெடர்தான் சரின்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார். நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பெரியவரின் மகளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. 'அம்மாவின் பக்கம் இப்போது அமைதியாக இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.' அவ்வளவுதான். மேனேஜர் அதை அச்செடுத்து, வாடிக்கையாளர் பாராட்டு என்று தலைப்பிட்டு வரவேற்பறையில் ஒட்டினார். கிழித்துப் போட்டேன். மறுநாள் இன்னொன்று ஒட்டியிருந்தது, இந்தமுறை வண்ணத்தில்.

இன்று அந்த மேனேஜர் நாற்காலியைப் போன்ற ஒன்றில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கருவிகளெல்லாம் மாறிவிட்டன, வாதம் மட்டும் மாறவில்லை. போன வாரம்கூட என் குழுவில் ஓர் இளைஞன், தான் எழுதிய ஒரு பகுதியைக் காட்டி, "இது எல்லாப் பக்கத்துக்கும் பொது மேடம், எந்தப் பக்கம்னு இதுக்குத் தெரிய வேண்டாம்" என்றான். முடிக்கவிடாமல், "இரங்கல் பக்கத்துல இது என்ன பண்ணும்?" என்று கேட்டேன், தேவைக்கு அதிகமான சத்தத்தில்.

அவன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்து, பணிவாகச் சொன்னாள்: "நம்மகிட்ட இரங்கல் பக்கமே இல்லையே மேடம்."