சம்பந்தி அழுத்திய பொத்தான்

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்த வேலுமணி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடைப்பந்தில் நடுவர், கறார் ஆள். ஓடுகிற ஓட்டத்திலேயே ஓரக்கண்ணால் கடிகார மேசையையும் பார்ப்பார். கடிகாரக்காரர் தப்பாக ஓட்டினால் ஊதி நிறுத்தி, இத்தனையில் வையுங்கள் என்று திருத்திவிட்டுத்தான் மறுவேலை. ஒரு தடவை போட்டி நடத்திய முதலாளியின் மகனே கடிகாரத்தில் உட்கார்ந்திருந்தான். அவனையும் விடவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வேலை தெரிந்தவருக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் கண்டுகொள்வதில்லை.

அப்போதெல்லாம் பந்து கைக்கு வந்தால் முப்பது விநாடிக்குள் கூடைக்கு எறிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணிக்காரர் விரல் பட்டதற்கெல்லாம் கடிகாரத்தை முதலிலிருந்து ஓட்டக் கூடாது. அவர்கள் பந்தைப் பிடித்தால்தான் புதுக் கணக்கு.

தொண்ணூற்றாறில் பள்ளி மாணவியர் இறுதி ஆட்டம். தாராபுரத்துப் பிள்ளைகளும் கோயமுத்தூர்ப் பிள்ளைகளும் மோதினார்கள். ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். தாராபுரம் அதுவரை போனதே இல்லை. அன்றைக்குக் கடிகாரத்தில் இருந்தவர் கந்தப்பன். பழைய ஆட்டக்காரர், வேலுமணிக்குச் சம்பந்தி ஆகப்போகிறவர். வேலுமணியின் மகளை அவர் மகனுக்குப் பேசி முடித்து, நிச்சயத்துக்கு உப்புச்சர்க்கரை மாற்ற நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டுச் சோற்றில் கல் கிடந்தால் சத்தம் வராமல் மென்று விழுங்குவார்கள்.

கடைசி நிமிடத்தில் தாராபுரம் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து கோயமுத்தூர் கையில். எறிய வழியில்லாமல் மறித்து நின்றார்கள் தாராபுரத்துப் பிள்ளைகள். அந்த முப்பது விநாடி முடியப்போகிற சமயத்தில் கோகிலவாணி என்ற பெண்ணின் விரலில் பந்து பட்டு, திரும்பக் கோயமுத்தூர்ப் பெண்ணிடமே போனது. கந்தப்பன் பொத்தானை அழுத்திவிட்டார். கடிகாரம் மறுபடி முப்பதிலிருந்து ஓடியது.

வேலுமணி பார்த்தார். விசில் வாயில்தான் இருந்தது. இத்தனை கூட்டத்தில் சம்பந்தியைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்டம் முடிகிற நேரத்தில் கோயமுத்தூர் கூடை போட்டு ஜெயித்தது.

தாராபுரத்து விளையாட்டு டீச்சர் ராசம்மாள் வேலுமணியிடம் வந்து, பிள்ளையின் கை சும்மா பட்டதுதானே என்று பணிவாகக் கேட்டார். மனுஷன் அங்கேயாவது ஒத்துக்கொண்டிருக்கலாம்.

"அந்தப் புள்ளை பந்தைப் புடிச்சு விட்டுப்போட்டுதுங்க. அதான் புதுசா ஓடுச்சு."

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று டீச்சர் திரும்பிவிட்டார். அந்தச் சொல் வேலுமணிக்குச் செருப்படி மாதிரி இருந்தது. அன்று ராத்திரி சாப்பிடாமல் எழுந்துவிட்டார். உடம்பு சரியில்லை என்று வீட்டில் இன்னொரு பொய் சொன்னார்.

உப்புச்சர்க்கரை அன்று பந்தி முடிந்ததும் கந்தப்பன் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அழுத்துனதுமே தப்புன்னு தெரிஞ்சுபோச்சுங்க. நீங்க ஊதுவீங்க, திருத்திக்கலாம்னு உங்க மூஞ்சியவே பார்த்துட்டிருந்தேன். அப்புறம் டீச்சர்கிட்ட நீங்க அப்படிச் சொல்லிப்போட்டீங்க. சம்பந்தி சொன்னதை நான் எப்படிங்க மறுக்கிறது?"

ஆக, இவர் அவர் மானத்தைக் காக்க, அவர் இவர் மானத்தைக் காத்திருக்கிறார். இரண்டு பெரிய மனிதர்களின் மரியாதைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டத்தைக் காவு கொடுத்தாயிற்று. வேலுமணிக்கு அங்கே நிற்க முடியவில்லை. விசேஷ வீட்டில் எல்லாரும் தன்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தாராபுரம் பஸ் ஏறினார். பள்ளி மைதானத்தில் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் டீச்சர் பள்ளியில் நடந்ததைச் சொன்னார். கோகிலவாணி அன்றைக்கே, நான் பிடிக்கவே இல்லை என்று அழுதாளாம். நடுவர் பொய் சொல்வாரா என்று டீச்சர்தான் அதட்டினாராம். கூட ஆடுகிற பிள்ளைகளும், பிடித்த பந்தை விட்டவள் என்று அவளிடம் பேசுவதில்லை. அவளும் ஆட வருவதில்லை.

"போன ஆட்டம் போகட்டுமுங்க. அந்தப் புள்ளைகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."

வகுப்பிலிருந்து கோகிலவாணியை அழைத்து வந்தார்கள். நிமிர்ந்து பார்க்காமல் நின்றாள். வேலுமணி கையைக் கட்டிக்கொண்டு, அவள் பந்தைப் பிடிக்கவில்லை, விரல்தான் பட்டது, தான் சொன்னது பொய் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். அவள் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் சொல்லவும், நானும் புடிச்சுத்தான் இருப்பேன்னு நெனச்சுப்போட்டேனுங்க சார்" என்றாள்.