கோயில் காணியில் பன்னிரண்டு வீடுகள்

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் பின்சுவர் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. மழைக்காலம் வந்தால் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவார்கள். எப்படிக் கவனமாக இருப்பது என்று மட்டும் எவனும் சொன்னதில்லை.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. கோயிலோ கல்லூரியோ காணி கொடுத்தால், அதில் ஏழைகளுக்கு அரசாங்கம் வீடு கட்டித் தருமாம். மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு முழம் நிலம் சொந்தமில்லை. மாரியம்மனுக்கு மட்டும் உறுதிப் பத்திரத்தோடு காணி இருந்தது. அந்தக் காட்டை வெட்டித் துப்புரவாக்கியது எங்கள் ஆட்கள்தான். ஆனால் கோயில் சபைத் தலைவர் பதவி மட்டும் எப்படியோ பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளியிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

பன்னிரண்டு வீடுகள். பட்டியலில் அம்மாவின் பெயர் நான்காவது. புது அடுப்படிக்கு எந்தப் பக்கம் ஜன்னல் என்றுகூட அவள் என்னிடம் கேட்டுவிட்டாள்.

பிறகு முதலாளி ஒரு நிபந்தனையோடு வந்தார். புனித பூமியாம், அங்கே மச்சம் மாமிசம் சமைக்கக் கூடாதாம். கையெழுத்தை அவர் நம்பவில்லை. எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியத்துக்குத்தான் எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதே காணியின் மூலையில்தான் வருஷா வருஷம் முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறோம். கறியில் முதல் பங்கு அவர் வீட்டுக்குத்தான் போகும். வந்திருந்த அதிகாரியோ, அது உங்கள் சமய விஷயம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் பிளேன்டீ குடித்தார்.

பதினொரு பேர் சூடத்தை அணைத்தார்கள். நான் அம்மாவின் காதோரம், "சும்மா அடிங்கம்மா, யாரு வந்து சட்டியத் தொறந்து பாக்கப்போறா?" என்றேன். படித்தவன் பேச்சு! இன்று நினைத்தாலும் என்மேல் நானே காறித்துப்பத் தோன்றுகிறது.

அம்மா சூடத்தைப் பார்த்தாள். பிறகு முதலாளியைப் பார்த்தாள்.

"மொதலாளி, ஒங்க கடையிலதான் வாராவாரம் கருவாடு வாங்குறேன். நாங்க எல்லாரும் சத்தியம் பண்ணிட்டா, அத யாருக்கு விப்பீங்க?"

சிலர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"கோயில்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது? சத்தியம் பண்ண முடியாட்டி எடத்த விடு. காத்துக்கிட்டு ஆளுங்க இருக்காங்க."

"பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேங்க" என்று சொல்லிவிட்டு அம்மா படியிறங்கிப் போனாள்.

எங்கள் வீடு முதலாளியின் மச்சினனுக்குப் போனது. அவனுக்குப் பஜாரில் ஏற்கெனவே மாடி வீடு இருந்தது. வந்தான், சூடத்தை அணைத்தான், கட்டி முடிந்ததும் வீட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டான். மற்ற வீடுகளில் பால் காய்ச்சிய ஒரு வாரத்துக்குள் கருவாட்டு வாசம் வந்தது. சாமி ஒன்றும் கேட்கவில்லை. சபையும் வாயைத் திறக்கவில்லை. முதலாளிக்கு வியாபாரம் நடக்க வேண்டுமே!

அடுத்த மழையில் பின்சுவர் விழுந்தது. அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். எங்களைக் கோயில் மண்டபத்தில் தங்க வைத்தார்கள். எதிரே அந்தப் பூட்டிய வீடு.

மூன்றாம் நாள் அரசாங்க நிவாரணம் வந்தது. முதலாளி சால்வை போட்டுக்கொண்டு, படமெடுக்க ஓர் ஆளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, மண்டபத்து வாசலில் நின்று ஒவ்வொரு பொதியாகக் கொடுத்தார். அம்மாவின் முறை வந்தது. அரிசி, பருப்பு, மேலே இரண்டு டின் மீன்.

அம்மா ஒரு டின்னை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மொதலாளி, இத நான் எங்க வச்சு சமைக்க?"

அவர் கேமராக்காரனைப் பார்த்து, "அடுத்த ஆளக் கூப்புடு" என்றார்.