இஞ்சின் தண்ணீர்

கல்யாணமாகிப் பதினேழாம் நாள் ரங்கூனை விட்டுக் கிளம்பினேன். அங்கே அலோன் துறையில், அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளின் இரைச்சலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு வடக்கே, மிச்சினா போகிற பாதையில், ரயில் இஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு வேலை. சகாயிங்கில் பெரிய ஆற்றைக் கப்பலில் தாண்டி, மறுபடி ரயிலேறி, மூன்றாம் நாள் இறங்கியபோது, ஊர் எங்கே என்று கேட்டேன். இதுதான் ஊர் என்றார்.

ஆறு வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பம்பு ஷெட். தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் காட்டைக் கடந்து அரை மைல் நடந்தால் ஆறு. சுற்றிலும் மூங்கில் காடு. மனிதர்களைவிட அட்டைகள்தான் அதிகம்.

அங்கே எல்லோருக்கும் காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். ஏரித் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினோம். பம்புக் குழாயின் வாயில் கட்டிய வலையில் செத்த மீன் வரும், பாசி வரும், ஒரு தடவை எருமைக் கன்றின் கால் வந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஏரியின் மேல் தீராத வெறுப்பு.

அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ரயில் வந்து நின்று தண்ணீர் பிடிக்கும்போது, பெண்கள் வாளியும் குடமுமாக இஞ்சின் பக்கம் போய் நிற்போம். இஞ்சினில் நெருப்பைக் கவனிக்கும் ஃபயர்மேன் ஒரு குழாயைத் திறந்துவிடுவார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வரும். பிள்ளை பெற்ற வீடு இருந்தால் முதல் வாளி அவர்களுக்கு. குளிக்க, துணி வெளுக்க, காய்ச்சல்காரர்களின் காலுக்கு ஒத்தடம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அந்த வெந்நீர்தான்.

வழக்கமாக வரும் ஃபயர்மேன் நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம், இன்சீனில் குடும்பம். எல்லோருக்கும் பாய். எனக்குப் பெண் குழந்தை பிறந்ததைக் கேட்டதும், கேட்காமலே இரண்டு வாளி பிடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்.

"குளிக்கத்தான் தங்கச்சி இது. வாயில வச்சிடாதீங்க. இஞ்சின் ஷெட்டுல, பாய்லருக்குள்ள உப்புப் படியாம இருக்க சோடா மருந்து கொட்டுறாங்க."

எனக்கு வாய் நீளம். "ஏன் பாய், குடிச்சா உங்க இஞ்சினுக்குக் குறைஞ்சு போயிடுமா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெந்நீரை மிச்சம் பிடிக்கத்தான் மருந்து அது இது என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம், நல்ல மழையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. பால் வற்றிப்போனது. டப்பாப்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏரித் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கச் சொன்னார் என் வீட்டுக்காரர். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண்ணெரிந்து, பானையில் நாலு குமிழி வந்தால் பெரிது. அடுப்பில் கொதிப்பதெல்லாம் ஒரு கொதியா? இரும்பையே நகர்த்துகிற கொதியில் கிடந்த தண்ணீரில் எந்த விஷம் பிழைத்திருக்கும்? இப்படித்தான் யோசித்தேன். ரயில் நிற்கும் நேரமெல்லாம் அவர் பம்பு ஷெட்டில் இருப்பார். இஞ்சின் வெந்நீரை நான் பிடித்து வந்து பானையில் ஆறவைத்ததை அவர் கவனிக்கவில்லை. லேசாக நுரைத்திருந்தது. கொதித்த நுரை என்று நினைத்தேன். அதில் பாலைக் கரைத்துக் கொடுத்தேன்.

அந்த வாரம் ஆறு பெருகிக் கரையை உடைத்தது. தண்டவாளம் அடித்துப்போய் நாலு நாள் ரயில் இல்லை. இரண்டாம் நாள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. பக்கத்து வீட்டுப் பர்மாக்காரி, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனின் மனைவி, அக்கா என்பதற்கு அவர்கள் பேச்சில் அமா என்று நாங்கள் கூப்பிடுகிறவள், ஏதோ வேரை அரைத்துக் கொடுத்தாள். தங்கவில்லை. டாக்டர் இருந்த ஊர் ரயிலில் மூன்று மணி நேரம். என் வீட்டுக்காரர் தண்டவாளத் தள்ளுவண்டியில் குழந்தையைத் தூக்கிப் போகப் பார்த்து, உடைந்த இடம் வரை போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் மத்தியானம், என் மடியில், குழந்தை போய்விட்டது. ஏரிக்கரை மேட்டில் புதைத்தோம்.

பாதை சரியானதும் வந்த முதல் ரயிலில் பாய் இருந்தார். என் கையில் வாளி இல்லாததைப் பார்த்து இறங்கி வந்தார். என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"ஏரித் தண்ணிதான் பாய். நான் ஏத்துன தண்ணி. என் கையாலதான் போச்சு."

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிப் போய் இஞ்சினில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை வந்தார், அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடிப்பார் என்ற பயமில்லை, அவர் அடிக்கிற ஆள் இல்லை. என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம். அந்தக் காட்டில் எனக்கு வேறு யார் இருந்தார்கள்? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள, பானையைக் கழுவிக் கவிழ்த்ததுபோல விஷயமே இல்லை என்றாகிவிட்டது.

அவர் பம்பு வேலையிலிருந்து மாற்றல் கேட்டார். கிடைக்கவில்லை. அடுத்த குழந்தை வயிற்றில் தரித்ததும், ஏரித் தண்ணீர் இனி வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். விடியுமுன் எழுந்து, மூங்கில் கழியில் இரண்டு மண்ணெண்ணெய் டின்னைக் கட்டித் தோளில் வைத்து, ஆற்றுக்குப் போவார். மழைக்காலத்தில் ஆறு செம்மண்ணாக ஓடும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து எனக்குக் கொடுப்பார். பிறகு போய், நாளெல்லாம் ஏரியை இறைப்பார். அவருக்கே காய்ச்சல் அடித்த நாட்களிலும் போனார். தோளில் கழி பட்ட இடம் கன்றி, காய்ந்து, மாட்டின் கழுத்துபோல் தடித்துவிட்டது. விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவேன். தேய்க்கும்போது வாய்வரை வரும். ஒரு வார்த்தை போதும், அந்தச் சுமையை இறக்கி வைத்திருப்பார். சொல்லவில்லை.

இரண்டாவதும் பெண். காய்ச்சல் கண்டது, பிழைத்தது. பதினோராம் மாதம், தண்ணீர் டின்னைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, இரண்டடி வைத்தது. அவர் அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். குழந்தையைப் பார்த்தார். அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"பாத்தியா புள்ள," என்றார். "அன்னைக்கே நான் ஆத்துத் தண்ணி கொண்டாந்திருந்தா, மூத்தவளும் இருந்திருப்பா."

"ஆமாங்க" என்றேன்.