தலைக்கு வகுத்த வருமானம்

ஜெபப் புத்தகத்தின் நடுப்பக்கத்திலிருந்து அந்த வீட்டு அக்கா தன் சம்பளச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இளநீலத் தாள். நான்காக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்து தேய்ந்திருந்தது. தொகையும் அதற்குக் கீழே அவர் போட்டிருந்த கையெழுத்தும் மட்டும் நன்றாகத் தெரிந்தன. அந்தத் தொகையைப் படிவத்தில் எழுதப்போன என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், நான் எழுதி முடித்ததும், "அது சும்மா பேப்பர்ல இருக்கிறது தங்கச்சி, கையில வர்றது அது இல்ல லா" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. பூன் லேயில், ஆறாம் மாடியில், ஓர் அறை வாடகை வீடு. எனக்கு இருபத்திரண்டு வயது. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இயங்கிய சிறிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பிறர் கேட்டுக்கொள்ளும் ஆய்வுகளைச் செய்துகொடுக்கும் நிறுவனம். இப்போது அது இல்லை. குடும்பங்களின் வருமானம் எப்படி மாறிவருகிறது என்பதை அறிய, ஒரே வீடுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போய் ஒரே கேள்விகளைக் கேட்பது எங்கள் வேலை. படிவம், பென்சில், அழிப்பான், கழுத்தில் ஓர் அடையாள அட்டை. நான் கேட்டு எழுதும் ஒவ்வொரு எண்ணும் எங்கோ போய்ச் சேர்ந்து யாருக்கோ நல்லது செய்யும் என்று அப்போது முழுதாக நம்பினேன்.

அக்கா எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் குடிமக்கள். அவருக்கு மட்டும் குடியுரிமை கிடைக்கவில்லை. வேலை பெர்மிட் இருக்கும்வரை இங்கே தங்கலாம் என்ற நிலை. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் துப்புரவு வேலை. அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோர்தான் பெர்மிட் காகிதங்களையும் பார்த்துக்கொள்வார். சம்பள நாளன்று முழுத்தொகைக்கும் கையெழுத்து வாங்கிவிட்டு, அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொள்வாராம்.

"எல்லார்கிட்டயும் எடுக்கிறாரா?"

"காப்பிக் காசும்பாரு. பெர்மிட் வச்சிருக்கிறவங்ககிட்ட மட்டுந்தான். வீட்டுல இவருக்கே தெரியாது. கேட்டா சண்டைக்குப் போவாரு, அப்புறம் எனக்கு வேலை போயிடும். இத்தனை நாளா யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க கணக்கு எழுத வந்தீங்களா, தப்பா எழுதுறீங்களேன்னு சொல்லிட்டேன்."

இதைக் கிசுகிசுப்பாகச் சொன்னார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கணவர் படுத்திருந்தார். கப்பல் பட்டறையில் பல வருடம் பெயின்ட் அடித்து நெஞ்சு கெட்டுப்போனவர். நடந்து குளியலறைக்குப் போய்வந்தாலே அரைமணி நேரம் மூச்சு இளைக்கும். அவரைப் பற்றிய கேள்விகளை அவரிடமே கேட்டேன். சென்ற வாரம் வேலை செய்தீர்களா? இல்லை. வேலை தேடினீர்களா? இருமிக்கொண்டே சிரித்தார். "எங்கம்மா வேலை தேடுறது? மூச்சைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்." எங்கள் விதிப்படி, வேலை தேடாதவர் வேலையில்லாதவர் ஆகமாட்டார். அவர் எந்தக் கணக்கிலும் வராத கட்டத்தில் ஒரு குறி போட்டேன். அந்த வீட்டில் வேலையில்லாதவர்கள் யாரும் இல்லை என்று படிவம் சொன்னது.

படிவத்தில் எழுதியிருந்த சீட்டுத் தொகையை அடித்துவிட்டு, ஓரத்தில் அக்கா சொன்னதைச் சின்ன எழுத்தில் எழுதினேன். மறுநாள் அலுவலகத்தில் என் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர். வெயிலில் அலைந்துவிட்டு வரும் எங்களுக்குப் பார்லித் தண்ணீர் வாங்கி வைத்திருப்பார். படிவத்தை என் பக்கம் திருப்பி, "என்னம்மா இது கதை? ப்ரூஃப் இருக்கா?" என்றார்.

"அவங்க சொன்னாங்க சார்."

"கையெழுத்து போட்டிருக்காங்கல்ல? அப்ப அதான் இன்கம். மண்டோர் வாங்கினதை எந்தக் கட்டத்துல போடறது? அவன் வீட்டுக்கு நாம போனா, காப்பிக் காசு இவ்வளவுன்னு அவன் சொல்லப் போறானா?"

அழிப்பானை எடுத்து அவரே அழித்தார். தாள் கிழியாமல், பொறுமையாக. பிறகு சீட்டிலிருந்த தொகையை மறுபடி எழுதினார். அக்காவின் கைக்கு வராத பணம் அக்காவின் வருமானமாயிற்று. அது போய்ச் சேர்ந்த மண்டோரின் கணக்கில் எங்கும் வரவில்லை. ஒரு திருட்டு இரண்டு இடத்தில் மறைந்து போவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

இதோடு நான் விட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் விடத் தெரியவில்லை. கீழே இறங்கிப் போய், கடை வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியில் அந்த ஒப்பந்தக் கம்பெனியைக் கூப்பிட்டேன். தமிழில் பேசும் ஒருவர் எடுத்தார். உங்கள் மண்டோர் ஆட்களின் சம்பளத்தில் பணம் எடுக்கிறார் என்றேன். மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "யாருன்னு சொல்லுங்க, உடனே ஆக்ஷன் எடுத்திடலாம்" என்றார். பெயர் சொல்லமுடியாது என்றேன். "எந்த ஏரியா ஆளுன்னாவது சொன்னாத்தானே நாங்க விசாரிக்க முடியும்?" நியாயமாகத்தான் பட்டது. பூன் லே என்றேன். பெயரைக் காப்பாற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு தொலைபேசியை வைத்துவிட்டு மாடியேறினேன்.

அடுத்த ஆண்டு அதே வீட்டுக் கதவைத் தட்டியபோது மூத்த பெண் திறந்தாள். முதல்முறை பார்த்தபோது பள்ளிச் சீருடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் நீலச் சட்டையில் இருந்தாள். பதினைந்து வயதுதான். தங்கை தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா இல்லையா?"

"ஜோகூர்ல லா. பெர்மிட் கேன்சல் ஆயிடுச்சு. யாரோ கம்பெனிக்குப் போன் பண்ணி மண்டோரைப் பத்திச் சொல்லிட்டாங்களாம். பூன் லேயிலிருந்து அங்க வேலைக்குப் போனது அம்மா மட்டுந்தான். அவங்கதான் சொன்னாங்கன்னு நினைச்சு நிப்பாட்டிட்டாங்க." பேசிக்கொண்டே எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அத்தை வீட்டுல இருக்காங்க. முடியுறப்ப ஞாயித்துக்கிழமை வந்து பூசைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அப்புறம் பஸ் ஏறிடுவாங்க."

பென்சில் என் கையில் இருந்தது. என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். வழக்கமாக இந்த வீட்டில் தங்குபவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். அவள் அப்பாவை, தன்னை, தங்கையை விரல் விட்டு எண்ணினாள். மூன்று. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் முன்பைவிட நீளமாகக் கேட்டது. அவள் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மாவுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அலுவலகத்தில் அந்தப் படிவத்தை நானே கணக்கிட்டேன். குடும்ப வருமானத்தைத் தலைக்கு வகுக்க வேண்டும். போன ஆண்டு நான்கு தலை. இந்த ஆண்டு மூன்று. கணக்குப் போடும் இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்ததும் வந்த விடையை நம்பமுடியாமல் மறுபடி போட்டுப் பார்த்தேன். தலைக்கான வருமானம் உயர்ந்திருந்தது. ஏழைக் குடும்பங்கள் என்று நாங்கள் வகுத்திருந்த கடைசி வரிசையிலிருந்து அந்த வீடு ஒரு படி மேலே ஏறிவிட்டது. தாய் போனது, பெண் பள்ளியை விட்டது, இரண்டும் சேர்ந்து அவர்களை முன்னேற்றியிருந்தன. மேலாளர் என் தோளுக்குமேல் எட்டிப்பார்த்து, "பார்த்தியா, மாறிடுச்சு பாரு. வர்ற வருஷம் இன்னும் நல்லாருக்கும்" என்றார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நாடு முன்னேறவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணெதிரே கட்டடங்கள் எழுந்தன, குழாயில் தண்ணீர் வந்தது, தேக்கா கடைகளில் புதிது புதிதாகச் சாமான்கள் இறங்கின. பட்டியல்களில் நாங்கள் காட்டிய உயர்வு பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த உயர்வுக்குள் இந்த மாதிரி எத்தனை வீடுகள் ஏறியிருக்கின்றன என்பதை அறிய என்னிடம் வழி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதையும் நான் இயந்திரத்தில் போட்டு இழுத்து, மற்றவற்றோடு கலந்துவிட்டேன். வேலையை விட்டுவிடுவேன் என்று பலமுறை நினைத்தேன். விடவில்லை. எண்பதுகளில் நானே ஒரு பிரிவுக்குத் தலைவியானேன். புதிதாக வரும் பிள்ளைகள் ஓரத்தில் எதையாவது எழுதிக்கொண்டு வரும்போது, அழிப்பானை எடுத்து நானே அழித்திருக்கிறேன்.

ஒருநாள் காலை, வேலை விஷயமாக உட்லண்ட்ஸ் போயிருந்தேன். ஜோகூர் பாலத்தைத் தாண்டி வந்தவர்கள் பேருந்துக்கு வரிசையில் நின்றார்கள். அதில் அக்கா நின்றார். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. நான் ஒதுங்கிப் போவதற்குள் பார்த்துவிட்டார்.

"தங்கச்சிதானே? இன்னும் கணக்குத்தான் எழுதுறீங்களா?"

ஆமாம் என்றேன். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறதென்றார். மூத்தவள் அதே தொழிற்சாலையில் இருக்கிறாள், கல்யாணம் ஆகவில்லை. சின்னவளும் படிப்பை நிறுத்திவிட்டாள். "எனக்கும் இப்ப வேலை இருக்கு. தினம் வந்துட்டுப் போறேன். அந்த மண்டோர் சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சிருக்கான். அவன்தான் கூப்பிட்டுப் பெர்மிட் எடுத்துக் கொடுத்தான்." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "இப்ப முன்னைவிடக் கூட எடுக்கிறான். என்ன பண்றது, பிள்ளைங்களைத் தினம் பார்க்க முடியுதே."

பேருந்து வந்தது, வரிசை நகர்ந்தது. அவர் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, தங்கச்சி."

குரலில் கோபமே இல்லை. அன்று கம்பெனியைத் தொலைபேசியில் கூப்பிட்ட அந்த ‘யாரோ’ நான்தான் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. அந்த விஷயத்தை அவர் உலகத்தில் ஒருத்தியிடம்தானே சொல்லியிருந்தார்.

யாரிடம் முறையிடலாம், எப்படி எழுதினால் கவனிப்பார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியும். எழுதினால் கேட்கக்கூடிய பதவியும் இருந்தது. தலையை ஆட்டினேன். அக்கா ஏறிக்கொண்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதமும் அவர் முழுத்தொகைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தத் தொகை எங்கோ ஒரு பட்டியலில் அப்படியே ஏறியிருக்கும்.