கட்டின நாளிலிருந்து வலி

எதையும் ஒருதரம் சொன்னால் நான் நம்பமாட்டேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொருதரம் இழுப்பேன். கேஸ்காரர் சிலிண்டரை எடை போட்டுக் காட்டினால் தராசைச் சந்தேகப்படுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு லேத்துப் பட்டறைக்கு வந்தவன் நான். படிக்காதவனை ஏமாற்றுவதற்குத்தான் காகிதம் என்ற ஒன்றையே கண்டுபிடித்தார்கள் என்று சின்ன வயசிலேயே மனசில் விழுந்துவிட்டது. இரும்பில் அரை நூல் பிசகினால் கண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் எது பிசகினாலும் கடைசியில்தான் தெரிகிறது.

என் வீட்டுக்காரி நேர் எதிர். அவளுக்கு எல்லாமே கேலி, அதிலும் முக்கியமாக நான். "இவரைக் கட்டுன நாள்ல இருந்து" என்று அவள் ஆரம்பித்தால் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சிரிக்கத் தயாராகிவிடும். தலைவலியா, இவரைக் கட்டுன நாள்ல இருந்து. மிக்சி ஓடவில்லையா, இவரைக் கட்டுன நாள்ல இருந்து. ஊரில் மழை இல்லை என்றால்கூட அதற்கும் நான்தான் காரணம். இருபத்தைந்து வருசமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு அது காதில் விழுவதே இல்லை. அதனால்தான் அவ்வளவு வினையும் வந்தது.

எங்களிடம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை கிடையாது. அதற்கு வருமானச் சான்று வேணும். கிராம ஆபீசில் போய் நின்றபோது, "ரெண்டு லேத்து வெச்சு ஓட்டறீங்க, ஏழைங்கறீங்களே?" என்று கேட்டார்கள். லேத்து ஓடினால்தானே வருமானம், அது நிற்கிற மாசம் நீங்கள் பார்த்ததுண்டா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அதே சமயம் மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் பண்ணுகிற எங்கள் பங்காளி ஒருவர் அந்த அட்டையைக் காரில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஏழைக்கு மட்டும் என்று ஒரு கோடு போட்டால் அந்தக் கோட்டைத் தாண்டத் தெரிந்தவன் தாண்டிவிடுகிறான். எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் என் மச்சினன் வந்தான். என் வீட்டுக்காரியின் தம்பி, தனியார் இன்சூரன்சுக்கு ஏஜென்ட்.

"மாமா, ஒரு கையெழுத்துத்தானுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நீங்க கையைப் பிசைய வேண்டாம்."

"நாளைக்கு என்ன ஆகப் போகுது மாப்ள? உனக்கு ஏதாவது தெரியுமா?"

வீடு கட்ட, கிணறு வெட்ட, பொண்ணு பார்க்கப் போக எல்லாத்துக்கும் நாங்கள் நாள் பார்ப்போம். சீக்குக்குக் கையெழுத்துப் போட எது நல்ல நாள்? நல்ல நாளில் போட்டால் சீக்கு நன்றாக வளர்ந்துவிடும். கெட்ட நாளில் போட்டால் பணம் வராது. இந்தக் குழப்பத்திலேயே பல மாசம் தள்ளினேன். கடைசியில் நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத ஒரு புதன்கிழமை பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன்.

பட்டறைக்குப் பக்கத்துக் கடை பாயுடையது. போல்ட், பேரிங் விற்கிறார். கோட்டைமேட்டில் பிறந்து வளர்ந்தவர். பொழுதோட, வேலை முடிந்ததும், நாங்கள் இரண்டு பேரும் எதிர் பேக்கரியில் டீ குடிப்போம். போன வருசம் பேக்கரியில் ஒரே காப்பீட்டுப் பேச்சுத்தான். அரசாங்கக் காப்பீட்டில் வருமான வரம்பை எடுத்துவிட்டு, பணக்காரன் ஏழை என்று பார்க்காமல் எல்லாருக்கும் கொடுக்கணும் என்று சிலர், நாடு தாங்காது என்று சிலர். பாய் கொடுக்கணும் என்கிற கட்சி. நான் எந்தக் கட்சியும் இல்லை. எல்லாக் கட்சியையும் சந்தேகப்படுகிற கட்சி.

"எல்லாருக்கும்னு சொன்னா யாருக்கும் இல்லைன்னு அர்த்தம் பாய்," என்றேன். "ஊரையே அழைச்ச கல்யாணத்துல கடைசிப் பந்திக்குப் பாயசம் இருக்காதுங்க."

பாய் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னார்: "ஏன் தீருதுண்ணா? மொதப் பந்தில மாப்பிள்ளை ஊட்டுக்காரன், ரெண்டாவது பந்தில பணக்காரன், கடைசில நம்மள உக்கார வெக்கறான். அதனால தீருது. எல்லாரையும் ஒரே பந்தில உக்கார வெச்சுப் பாருங்க. மாப்பிள்ளையோட அப்பன் எலையில பாயசம் இல்லைன்னா சமையக்காரன் சும்மா இருப்பானா? அண்டாவோட ஓடி வருவான். நமக்கும் ரெண்டு கரண்டி விழும்."

கேட்கிறதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம். "மாப்பிள்ளையோட அப்பன் தனி ரூம்ல எலை போட்டுச் சாப்பிட்டுக்குவானுங்க பாய். அவனை எப்படி நம்ம பந்திக்கு இழுத்துட்டு வருவீங்க?" என்றேன். பாய் சிரித்து, "உங்களுக்குச் சொர்க்கத்துல எடம் குடுத்தாக்கூட வாசல்ல நின்னு கதவு தாழ்ப்பாளைப் பார்ப்பீங்கண்ணா" என்றார். பேக்கரிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

இந்தப் பேச்சு முடிந்து ரொம்ப நாள் ஆகவில்லை. ஒருநாள் காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலது பக்கம் விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுக்குப் போகிறது என்றாள். வாந்தி வேறு. ஆட்டோ பிடித்து ஆர்.எஸ்.புரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பாலிசியில் அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது என்று மச்சினன் போனில் சொன்னான். ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் கல், பை வீங்கியிருக்கிறது, ஆபரேசன் பண்ணணும், ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

எவ்வளவு ஆகும் என்று இரண்டுதரம் கேட்டேன். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், நல்லவேளை அந்தப் புதன்கிழமை கையெழுத்துப் போட்டோம் என்று இருந்தது. சந்தேகப்படாமல் ஒரு நிமிசம் இருந்தேன். விதிக்கு அது பொறுக்கவில்லை.

இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் கூப்பிட்டது. "சார், அப்ரூவல் வரலைங்க. பழைய நோய், பாலிசி எடுக்கறப்ப மறைச்சிருக்கீங்கன்னு கம்பெனில போட்டிருக்காங்க."

"மறைக்கறதுக்கு என்னங்க இருக்கு? இன்னிக்குத்தானே வந்துது?"

"பேஷன்ட்டே சொல்லியிருக்காங்களே சார். கல்யாணமான நாள்ல இருந்து வலின்னு. கேஸ் ஷீட்ல இருக்கு."

அந்தப் பெண் திரையைப் பார்த்துச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் எல்லாப் பக்கமும் திறந்துகொண்டது. முதலில் மச்சினன். கமிஷன் வாங்கிக்கொண்டு ஏதோ பொத்தல் வைத்து எழுதியிருக்கிறான். அப்புறம் ஆஸ்பத்திரி. ரொக்கம் கட்ட வைப்பதற்காக அவர்களே எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் அது வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என்றால் கல்யாணத்துக்கு முன்னாலும் இருந்திருக்குமோ? எங்கள் பக்கம் பெண் எடுக்கிறதுக்கு முன்னால் நாலு ஊரில் விசாரிப்பார்கள். யாராவது ஒருத்தர் மென்று விழுங்கியிருப்பார்களோ? என் மாமனார் செத்து எத்தனையோ வருசமாகிவிட்டது. அவரைக்கூட நான் விடவில்லை.

வார்டுக்குப் போனேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனம்மிணி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லு. உங்கூட்ல சீக்கோடதான் உன்னைக் கட்டிக் குடுத்தாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். வலியில் இருந்த முகம் முதலில் புரியாமல் விழித்தது. அப்புறம் கோபம் ஏறியது. "எங்கப்பன் சீக்கை மறைச்சாருங்களா? உங்கப்பாதான் உங்களை மறைச்சுக் கட்டி வெச்சாரு. யாருங்க சொன்னா?"

கேஸ் ஷீட்டில் இருக்கிறதைச் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அட சாமி," என்றாள். "நீங்க ஆட்டோக்காரனோட பேசிட்டு நின்னப்ப சின்னப்புள்ள டாக்டர் ஒண்ணு வந்துதுங்க. எப்ப இருந்தும்மா வலின்னு கேட்டுது. இவரைக் கட்டுன நாள்ல இருந்து வலிதான் கண்ணுன்னேன். அந்தப் புள்ள சிரிக்கும்னு சொன்னேன். எழுதிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

கேலிக்காரிக்கு ஒரு சிரிப்பு கிடைக்கட்டும் என்று சொன்னது. அந்தச் சின்ன டாக்டர் பெண் வேலைக்குப் புதுசு போல. எங்கள் ஊர்ப் பேச்சும் புதுசாக இருக்கலாம். கேட்டதை எழுதிவிட்டது. நாங்கள் கட்டிக்கொண்ட வருசத்தையும் கேட்டு இருபத்தைந்து என்று போட்டுவிட்டது.

மச்சினன் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். விசயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, உன்ற வாயை வெச்சுட்டுச் சும்மா இருக்கமாட்டியா? இப்ப யாரு கேட்டாலும் இன்னிக்குக் காலைலதான் வந்துது, முன்னப்பின்ன வலியே இல்லைன்னு சொல்லு. நான் திருத்தி அனுப்பறேன்." அவளும் அப்படியே சொன்னாள். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார். மத்தியானம் மேசைப் பெண் திரும்பவும் கூப்பிட்டது.

"சார், காலைல இருபத்தஞ்சு வருசம்கறீங்க. மத்தியானம் ஒரு நாள்கறீங்க. ஸ்கேன் பார்த்தா கல்லு ஒரு நாள்ல வந்ததா இல்லைன்னு கம்பெனி டாக்டர் சொல்றாரு. விசாரிக்கணுமாம். ஆள் அனுப்புவாங்க."

"எப்ப அனுப்புவாங்க?"

"தெரியலைங்க சார்."

அந்தப் பெண்ணின் முகத்தில் எரிச்சல் இல்லை. நான் தினமும் என் முகத்தில் வைத்திருக்கிற அதே பார்வைதான் அதில் இருந்தது. எதிரில் இருப்பவன் பொய் சொல்லுவான் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்ட பார்வை. ஆயுசு முழுவதும் அதை நான் மற்றவர்கள் மேல் வைத்திருந்தேன். அது என் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நல்லா இல்லை.

பாய்க்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு அவர், "ஆள் வர்ற வரைக்கும் அந்தப் பை பொறுத்துக்குமாண்ணா?" என்றார். "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. என் சம்சாரத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் அங்கதான். நடந்துதான் வந்தா."

அரசாங்க ஆஸ்பத்திரி என்றதும் எனக்கு வெசனம் பிடித்துக்கொண்டது. கூட்டம், வராண்டாவில் தரையில் படுக்கை, யார் எந்த ஊசியைப் போடுவார்களோ. "அங்க வேண்டாம் அம்மிணி, ரெண்டு லேத்துல ஒண்ணைக் குடுத்துப்போடறேன், இங்கயே பண்ணிக்கலாம்" என்றேன்.

"லேத்தைக் குடுத்துப்போட்டு நாள் பூரா என்னையே சந்தேகப்பட்டுட்டு உக்காந்திருப்பீங்களா?" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "அங்கயே போலாமுங்க. இவங்க கேள்வி கேக்கறதுக்குள்ள எனக்கு உசிரு போயிரும்."

போனோம். கூட்டம் நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது. ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருந்தோம். கட்டில் கிடைக்க நேரமாயிற்று. அதில் ஒன்றும் நான் மிகைப்படுத்திப் பயந்திருக்கவில்லை. சீட்டுப் போடுகிறவர் காப்பீட்டு அட்டை இருக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். இல்லை என்பதற்கு ஏதாவது கேள்வி வரும் என்று காத்திருந்தேன். "சரி, உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று அடுத்த ஆளைப் பார்த்தார். அவ்வளவுதான். எனக்கு அதையும் நம்ப முடியவில்லை. திரும்பிப் போய், "ஏனுங்க, பின்னால ஏதாவது கேப்பாங்களா?" என்று கேட்டேன். "பின்னால வரிசை நிக்குது, தள்ளுங்க" என்றார்.

உள்ளே நடுவயசு டாக்டரம்மா ஒருவர். கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு. வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்ப இருந்தும்மா வலி?"

நான் முந்திக்கொண்டேன். "இன்னிக்குக் காலைலதானுங்க மேடம்."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "அவங்க சொல்லட்டும். நீங்க சொல்றதை வெச்சுத்தான்மா எனக்கு வைத்தியம். ஒண்ணும் பயப்படாதீங்க."

என் வீட்டுக்காரி என்னை ஒருதரம் பார்த்தாள். அப்புறம் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். "போன மாரியம்மன் நோம்பில இருந்துங்க. வரும், போகும். எண்ணெய்ப் பலகாரம் தின்னா வரும். பல்லைக் கடிச்சுட்டுப் படுத்துக்குவேன்."

இருபத்தைந்து வருசமும் இல்லை, ஒரு நாளும் இல்லை. பாலிசி போட்டது அந்த நோம்பித் திருவிழாவுக்கு வெகு முன்னாலே. அப்படியானால் இதையே அங்கே சொல்லியிருந்தால் பணம் வந்திருக்குமோ? என் மனசு உடனே அந்தக் கணக்குக்குத் தாவியது. அங்கே எதைச் சொன்னால் பணம், எதைச் சொன்னால் இல்லை என்றே எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தோம். மச்சினன், கம்பெனி, நான் எல்லாரும். உண்மை எது என்று கேட்கிற வேலையே அங்கே யாருக்கும் இல்லாமல் போய்விட்டது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டு போனதும் கேட்டேன். "எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க தூங்குவீங்களா? ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு நான் மூச்சு விடறனான்னு பூட்டை இழுத்துப் பாக்கற மாதிரி பாப்பீங்க. எனக்கு வலியே பரவாயில்லீங்க."



ஆபரேசன் அந்த வாரத்துக்குள் முடிந்தது. மச்சினனுடைய கம்பெனியில் இருந்து இன்னும் விசாரிக்க ஆள் வரவில்லை. மறுபடி பேக்கரியில் பாய் கேட்டார், "இப்ப என்ன சொல்றீங்கண்ணா, எல்லாருக்கும் வேணுமா, வேண்டாமா?"

"பந்தி ஒண்ணா இருக்கறது சரிதானுங்க பாய்," என்றேன். "எப்ப இருந்து பசின்னு கேட்டுட்டு எலை போடக்கூடாது. ஆனா அண்டாவை யாரு வெச்சிருக்கறாங்க, எங்க வெச்சிருக்கறாங்கன்னு ஒரு கண்ணு வெச்சுட்டுத்தான் இருக்கணும். அட்டையை எல்லாருக்கும் குடுத்துட்டு, அதையும் அந்தக் கம்பெனிக்காரங்க கையிலயே விட்டாங்கன்னா?" டீயில் நனைத்த பன் கரைந்து விழுகிறவரைக்கும் பாய் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் அதில் சந்தேகம் இருந்திருக்கும்.

ஆபரேசன் முடிந்த மறுநாள் நடந்ததைச் சொல்லவேண்டும். எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டு நர்சம்மா கொண்டுவந்து காட்டினார். மஞ்சளும் கறுப்புமாக, கொள்ளுப்பயறு மாதிரி. நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.

"ஏனுங்க, இது இவளோடதுதானுங்களா? மாறிக்கீறிப் போயிருக்காதே?"

நர்சம்மாவுக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. கட்டிலில் இருந்து தேய்ந்த குரல் வந்தது.

"என்றதுதானுங்க. கல்யாணத்தன்னிக்கு இவங்கூட்ல போட்ட சோத்துல கெடந்த கல்லு. அன்னிக்கு முழுங்குனது இன்னிக்குத்தான் வெளிய வந்துது."

நர்சம்மா வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதற்கு முன்னால் நர்சம்மாவின் கையைப் பார்த்தேன். விரலிடுக்கில் பேனா இருந்தது. மூடி போட்டுத்தான் இருந்தது.